எதை அவிழ்க்க

பிடித்த கையோடு ஏற்றவில்லை.
ஒரு ராத்திரி வலைக்கூட்டில் விட்டோம்,
வயிறு கழியட்டும் என்று.
நிறைந்த வயிற்றோடு போகிற மீன்
தன் தண்ணியைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

வீரையடிக்குளத்தில் மிச்சம் முழங்காலளவு,
அதுவும் நடுவில் மட்டும்.
சுற்றிவர வெடித்த சேறு, கொக்கு.
அமிர்தசீலன் கையை நனைத்துவிட்டுத்தான் மீனைத் தொடுவான்.
காய்ந்த கை அதுக்குச் சுடுமாம்.
சிரித்தேன் முதலில்.
பிறகு நானும் நனைத்தேன்.

விடிய மூன்று மணி.
பையில் மூன்றிலொரு பங்கு தண்ணி, ஒரு சிட்டிகை கல்லுப்பு,
மிச்சம் காற்று:
வெல்டிங் கடையில் இரவல் வாங்கிய
ஒட்சிசன் சிலிண்டர் சீறியது,
நாய்கள் குரைத்தன.
வீங்கின பையை விரலால் சுண்டினால்
மேளம் மாதிரிக் கேட்கவேணும்.
வாயை முறுக்கி, மடித்து,
சைக்கிள் டியூப் வளையம் இரண்டு.

பட்டாவின் பின்பெட்டியில் ஈரச்சாக்கு,
அதன் மேல் பதினொரு பை.
பத்தில் கெண்டை.
ஒன்றில் ஒரு சோடி விரால்.
நிக்சனுக்குச் சொன்னேன்:
குழி கண்டால் மெல்லப் போ,
ஆனால் நிற்காதே.
ஏ-ஒன்பதில் குழியில்லாத இடம்
எதென்று அவன் கேட்டான்.

ஓமந்தையில் நின்றோம்.
எல்லாரும் நிற்கிற இடம்.
டோர்ச் வெளிச்சம் பையைத் துளைக்க
கெண்டைகள் ஒரே பக்கம் சிதறின.

"என்ன இது?"
"மீன்."
"செத்ததா?"
"இல்லை. அதுதான் பிரச்சினை."

அவன் சிரிக்கவில்லை.
பையை அவிழ்க்கச் சொன்னான்.
அவிழ்த்தால் இந்தக் காற்றுப் போய்விடும்,
திருப்பி அடைக்க இங்கே சிலிண்டர் இல்லை,
செட்டிகுளம் இன்னும் ஒன்றரை மணித்தியாலம்:
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி,
மிச்சம் கையால் சொன்னேன்.
அவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.
பின்னால் திரும்பிக் கொட்டிலைப் பார்த்தான்.
"ஒண்டு பாக்கவேணும்," என்றான்,
"ஒண்டு மட்டும். எது?"

ஒன்றைத் தா என்று கேட்டவர்களுக்கு முன்னால்
முந்தியும் நின்றிருக்கிறேன்,
வேறு உடுப்பு, வேறு பாஷை,
என் வீட்டு வாசலில்.
அப்போது என்னிடம் விடை இருக்கவில்லை.

இந்த முறை இருந்தது.
விராலைக் காட்டினேன்.
விரால் மேலே வந்து வாய் திறந்து
வெறுங்காற்றைக் குடிக்கும்.
சேற்றுக்குள் கிடந்தும் சாகாதது.
டியூப் வளையத்தை நானே கழற்றினேன்,
அடைத்துவைத்த காற்று
முகத்தில் பட்டுப் போனது.

கையை விட்டான்.
ஆண்விரால் வாலால் அடித்த அடியில்
சட்டை, துவக்கு வார்,
பதிவுக் கொப்பி எல்லாம் தண்ணி.
"லூலா!" என்றான்.
"விரால்," என்றேன்.
"எங்கட குளத்திலையும்…" என்று தொடங்கினான்,
பின்னால் பஸ் கோர்ன் அடித்தது.
நனைந்த கொப்பியில் எழுதினான்:
மீன், பதினொன்று.
மீன் எண்ணவில்லை, பை எண்ணினான்.

செட்டிகுளத்தில் வெயில் ஏறிவிட்டது.
வந்தாச்சுதானே, ஊத்துங்கோ என்கிறான் நிக்சன்.
வந்தது போதாது.
கட்டின பைகளை அப்படியே குளத்தில் மிதக்கவிட்டேன்,
உள்தண்ணியும் வெளித்தண்ணியும்
ஒரே சூடாகும் வரை.
பிறகு அவிழ்த்து,
குளத்துத் தண்ணி ஒரு பேணி,
கொஞ்சம் பொறுத்து இன்னொரு பேணி.
கெண்டையில் செத்தது ஏழு.
அந்த ஏழும் ஒரே பையில்,
ஊசிமுனையளவு ஓட்டை,
எங்கே பட்டதோ.

ஆண்விரால் போய்விட்டது.
பெண் அசையவில்லை.
பையின் மூலையில், செவுள் மட்டும்
மூடித் திறக்க, கிடக்கிறது.
கவிழ்த்தால் ஒரு நொடி வேலை.
கவிழ்க்கவில்லை நான்.
பையின் வாயைத் தண்ணிக்குள் தாழ்த்திப் பிடித்தபடி
இடுப்பளவில் நிற்கிறேன்.
கை விறைக்கிறது.
கரையில் நிக்சன் கோர்ன் அடிக்கிறான்,
இரண்டாம் தரம்.